டீ குடிக்கப் போன நேரத்தில்

கரமனை, திருவனந்தபுரம்
4-2-2024

அன்புள்ள தங்கை பேச்சிக்கு, அண்ணன் தளவாய் எழுதுவது.

நானும் உன் மதினி விஜயலக்ஷ்மியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அவளுக்கு முட்டுவலி மட்டும் விடவில்லை, வீட்டில் ஒரு ஆளைப் போல ஆகிவிட்டது. போனக்காட்டில் குளிர் குறைந்ததா? உன் இருமல் நின்றதா?

பஸ்ஸில் கொடுத்துவிட்ட கடிதம் வந்தது. டவர் இல்லாத மலையில் வாக்கப்பட்டாய், நமக்கு இன்னும் தாளும் பேனாவும்தான். ஜீப் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, புகை உள்ளே வருகிறது என்று எழுதியிருந்தாய். ராஜா மாப்பிள்ளை கேட்கக் கூச்சப்பட்டு உன்னை எழுத விட்டிருக்கிறார் என்று தெரிகிறது. அந்த ஜீப் நின்றால் தேயிலை எஸ்டேட் லயத்து ஆட்கள் அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக வழியில்லை. சைலன்சர் கடை வைத்திருக்கிற மச்சான் இருக்கும்போது அவர் வேறு கடை ஏறக்கூடாது. அனுப்பி வை, நல்லதாகப் போட்டுத் தருகிறேன்.

கடை நன்றாக ஓடுகிறது. வருகிறவன் எல்லாம் ஒரே கேள்விதான். "சேட்டா, சைலன்சர் மாத்தினா பவர் கூடுமோ?" கூடும் என்பேன். உன்னிடம் சொல்வதற்கென்ன, இஞ்சினைத் தொடாமல் பின்னால் குழாயை மட்டும் மாற்றினால் கூடுவது சத்தம்தான். பவர் கூடினாலும் ஓட்டுகிறவனுக்குத் தெரிகிற அளவு கூடாது. ஆனால் காசு கொடுத்தவனுக்குத் தெரிய வேண்டுமே. அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். வேலை முடிகிற நேரத்தில், "வா, ஒரு டீ குடிக்கலாம்" என்று ஆளை எதிர்க்கடைக்குக் கூட்டிப்போவேன். அந்தச் சொல் காதில் விழுந்தால் என் ஃபிட்டர் ஸ்ரீஜித் ஆக்ஸிலேட்டர் கேபிளை இரண்டு நூல், அதாவது கால் இஞ்ச், இறுக்கிவிடுவான். முன்பு பாதி மிதித்தால் வருகிற வேகம் இப்போது கால் பட்டதும் வரும். வண்டிக்காரன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "சேட்டா, இது வேற வண்டி" என்பான். பதினேழு வயதில் இந்த ஊருக்கு வந்து வண்டி கழுவியவன் சொந்தக் கடை வைத்தது இப்படித்தான்.

இந்தப் பத்தியை மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டாதே. அவருக்கு மலையாள எழுத்துதான் தெரியும் என்பது நல்லதாய்ப் போயிற்று. வண்டியிடம் கூடப் பொய் சொல்லக்கூடாது என்கிற ஆள் அவர்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
தளவாய்


போனக்காடு
25-2-2024

அன்புள்ள அண்ணனுக்கு, பேச்சி எழுதிக்கொண்டது.

இங்கே இருவரும் சுகம். இருமல் பகலில் இல்லை. மதினி முட்டுக்கு நொச்சி இலை ஒற்றடம் கொடுக்கச் சொல்லவும்.

உங்கள் மாப்பிள்ளை புது சைலன்சரோடு வந்து சேர்ந்தார். மூன்றாவது வளைவில் வரும்போதே லயம் முழுக்கக் கேட்டது. பிள்ளைகள் லாரி என்று நினைத்து ஓடின. புகை இப்போது உள்ளே வரவில்லை. ரொம்ப நன்றி.

ஒன்று மட்டும் எழுத வேண்டும். அவராகச் சொல்லவில்லை, நான் துருவிக் கேட்டது. ஆள் ஏற்றிக்கொண்டு மேலே வரும்போது முதல் கியரில் முன்னே மாதிரி இழுக்கவில்லையாம். போன ஞாயிற்றுக்கிழமை ஏழாம் வளைவில் நாலு பேரை இறங்கி நடக்கச் சொன்னார். கொழுந்து பறிக்கிற எலிசாள் இறங்கமாட்டேன் என்றுவிட்டாள். "சத்தம் பெருசா இருக்கு, சத்து இல்ல. எங்க கங்காணி மாதிரி" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாள். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. "எனக்குத்தான் புது சைலன்சர் இன்னும் பழகலையோ என்னமோ" என்கிறார்.

உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். விடச் சொன்னதை விட்டுவிட்டேன்.

தங்கை
பேச்சி


கரமனை
3-3-2024

அன்புள்ள பேச்சிக்கு,

நலம். நொச்சி ஒற்றடத்தை உன் மதினி கேட்டுக்கொண்டாள், செய்யவில்லை.

மாப்பிள்ளை மேல் தப்பு இல்லை. இஞ்சின் மூச்சு விடுகிற சாமான். வெளியே விடுகிற வழி அடைத்தால் திணறும். வழி ரொம்ப அகலமாகிவிட்டால் மெதுவாக ஓடும்போது புகைக்கு ஓட்டம் இருக்காது, இழுவை குறையும். நேர் ரோட்டில் பறக்கிறவனுக்கு அகலக் குழாய் நல்லது. மலையேறுகிற ஜீப்புக்கு இழுவை வேண்டியது அடிமட்டத்தில். நான் போட்டது இரண்டரை இஞ்ச் குழாய், கனமான சாமான், பத்து வருடம் உழைக்கும். கழற்ற வேண்டியதில்லை. இன்னொரு தடவை அனுப்பி வை, சரி பண்ணிவிடலாம்.

எலிசாளிடம் சொல், சத்தும் வரும்.

அண்ணன்
தளவாய்


போனக்காடு
30-3-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கும் மதினி முட்டுக்கும் முத்தாரம்மனிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜீப் பறக்கிறது. தொட்டால் கிளம்புகிறதாம். ஏழாம் வளைவில் யாரும் இறங்கவில்லை. "ராஜாவோட வண்டிக்கு வயசு திரும்பிருச்சு, ராஜாவுக்குத்தான் திரும்பல" என்றாள் எலிசாள். என்ன செய்தார்கள் என்று கேட்டேன். "என்னமோ ட்யூன் பண்ணினாங்க, நான் பாக்கல. மச்சான் கூப்பிட்டார்னு டீ குடிக்கப் போயிட்டேன். பருப்புவடையும் வாங்கித் தந்தார்" என்றார். உங்களை ஒரு வாரமாகப் புகழ்ந்துகொண்டிருக்கிறார்.

தங்கை
பேச்சி


கரமனை
7-4-2024

அன்புள்ள பேச்சிக்கு,

இரண்டு பேரும் சுகம். விழிஞ்ஞம் துறைமுகப் பக்கமிருந்து டெம்போக்கள் வருகின்றன, வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

மாப்பிள்ளைக்குத் திருப்தி என்பது எனக்கும் திருப்தி. கால் மட்டும் கொஞ்சம் மெதுவாக வைக்கச் சொல். குறிப்பாக இறங்கும்போது.

அண்ணன்
தளவாய்


போனக்காடு
20-5-2024

அண்ணனுக்கு,

உங்கள் எல்லாருக்கும் சுகம்தானே. இங்கே சரியில்லை.

பதினாலாம் தேதி காலையில் ஜீப் ஏழாம் வளைவில் ரோட்டோரக் கலுங்குச் சுவரில் மோதிவிட்டது. மலையிலிருந்து கீழே விதுரைக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆறு பேர் இருந்தார்கள். கலுங்கு இல்லையென்றால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். முன் சீட்டில் எலிசாள். சர்க்கரை மாத்திரை வாங்கப் போனவள். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. இவருக்கு நெற்றியில் நாலு தையல்.

ஆஸ்பத்திரியில் கேட்டபோது எலிசாள், தேயிலைக் காட்டில் வழுக்கி விழுந்தேன் என்று எழுத வைத்துவிட்டாள். கேஸ் ஆகாமல் இருக்க அப்படிச் சொன்னாள். ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து இவரோடு பேசவில்லை.

இவர் ஒன்றுதான் சொல்கிறார். "காலை எடுத்துட்டேன். வண்டி கேக்கல. எடுத்த பிறகும் தள்ளிக்கிட்டே போச்சு. பிரேக் பிடிச்சும் தள்ளிச்சு." வண்டியைக் கயிறு கட்டி இழுத்து மேலே கொண்டுவந்த பிறகு பிரேக்கைப் பார்த்தார்கள். பிரேக் நன்றாக இருக்கிறது. அதனால் யாரும் நம்பவில்லை. குடித்திருந்தான் என்கிறார்கள். அவர் விட்டுப் பதினொரு வருடம் ஆகிறது, உங்களுக்கே தெரியும்.

வண்டி எங்கள் லயத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. பம்பர் வளைந்திருக்கிறது, இஞ்சினுக்கு ஒன்றுமில்லை. யாரும் தொடுவதில்லை.

பேச்சி


கரமனை
28-5-2024

அன்புள்ள பேச்சிக்கு,

உன் கடிதம் பார்த்து உன் மதினி அழுதுவிட்டாள். முதலில் உயிர் தப்பியதே பெரிது. எலிசாளுக்கு எலும்பு கூட ஆட்டுக்கால் சூப்பு நல்லது, பஸ்ஸில் முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் அனுப்பியிருக்கிறேன். மருந்துச் செலவு எதுவானாலும் எனக்கு எழுது.

அந்த வளைவில் மழைக்கு முன்பே பாசி பிடித்துவிடும். சருகு விழுந்து கிடந்தால் சக்கரம் பிடிக்காது. டயர் தேய்ந்திருந்ததா என்று பார்க்கச் சொல். ஆறு பேர் பாரத்தில் இறக்கத்தில் எந்த வண்டியும் கொஞ்சம் தள்ளத்தான் செய்யும். இப்போதைக்கு யாரும் அதை ஓட்ட வேண்டாம்.

மாப்பிள்ளையை மனதைத் தளரவிடாமல் பார்த்துக்கொள். தையல் பிரித்தாகிவிட்டதா? காய்ச்சல் ஏதும் இல்லையே?

அண்ணன்
தளவாய்


போனக்காடு
17-6-2024

அண்ணனுக்கு,

தையல் பிரித்தாயிற்று. காய்ச்சல் இல்லை. நீங்கள் அனுப்பியதை எலிசாள் வாங்கிக்கொண்டாள். டயர் போன தையில் மாற்றியது. அன்றைக்கு ரோடு காய்ந்து கிடந்தது.

போன வெள்ளிக்கிழமை முத்தாரம்மன் கோயிலில் கூடினார்கள். கோயில் தலைவர் குற்றாலலிங்கம் பெரியவர், நியாயமானவர்தான். "ராஜா, ரெண்டே ரெண்டு. குடிக்கலைன்னு ஒண்ணு. காலை எடுத்தேன்னு ஒண்ணு. சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு, நாளைக்கே உன் வண்டியில நான் முதல்ல ஏறுதேன்" என்றார். இவர் சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, குடிக்கவில்லை என்று சத்தியம் செய்தார். இரண்டாவது சூடம் ஏற்றினார்கள். கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு பின்னால் எடுத்துக்கொண்டார். "எனக்கு நிச்சயமாத் தெரியல. எடுத்ததாத்தான் நினைப்பு. நினைப்பை வச்சு அம்மன் முன்னால சத்தியம் பண்ணக்கூடாது" என்றார். சூடம் தானாக எரிந்து தீர்ந்தது. சாவியை அம்மன் காலடியில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அதோடு முடிந்தது. தப்பு செய்தவன்தான் கையை எடுப்பான் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள்.

இப்போது அவர் வாசலில் பலகையில் உட்கார்ந்து வலது காலைத் தரையில் அழுத்துகிறார், எடுக்கிறார். அழுத்துகிறார், எடுக்கிறார். "பேச்சி, எடுத்துட்டேனா பாரு" என்று என்னைக் கேட்கிறார். எடுத்துவிட்டீர்கள் என்கிறேன். "எனக்கு எடுத்த மாதிரி இருக்கு. அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்கிறார். முப்பத்திரண்டு வருடம் வண்டி ஓட்டிய கால், அண்ணே. அதை நம்பமாட்டேன் என்கிறார். வேலிக்குக் கம்பு வெட்டப் போனவர் பாறையில் கால் வைக்கப் பயந்து திரும்பி வந்துவிட்டார்.

நேற்று உங்கள் பிப்ரவரிக் கடிதத்தை எடுத்து வாசித்தேன். நான் விட்டுவிட்டு வாசித்த பத்தி. பிறகு மார்ச்சில் நான் எழுதியதை நினைத்துப் பார்த்தேன். டீ குடிக்கப் போனார் என்று நானே எழுதியிருக்கிறேன்.

எங்கள் வண்டியிலும் அதைச் செய்தீர்களா? போனில் கேட்க விதுரைக்கு இறங்கினால் பக்கத்தில் நாலு பேர் நிற்பார்கள். அதனால் எழுதுகிறேன். ஒரு வார்த்தை போதும்.

பேச்சி


போனக்காடு
7-7-2024

அண்ணனுக்கு,

இதோடு பஸ் இருபது தடவை வந்துபோய்விட்டது. கண்டக்டர் என்னைப் பார்த்ததும் தானாகவே தலையாட்டிவிடுகிறார்.

உங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

பேச்சி


கரமனை
14-7-2024

அன்புள்ள பேச்சிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அதுதான் வெட்கம்.

செய்தேன். நீ கேட்ட ஒரு வார்த்தை இதுதான். இதற்கு மேல் எழுதுவதை மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டு. பிறகு கோயிலில் வைத்து எல்லாருக்கும் வாசி. இந்தத் தடவை ஒரு வரி கூட விடாதே.

மாப்பிள்ளை, உங்கள் ஜீப்புக்கு நான் போட்டது வேறொருவர் சொல்லிச் செய்து, வாங்காமல் போன குழாய். எட்டு மாதமாகக் கடையில் கிடந்தது. உங்கள் வண்டிக்கு அது அகலம் என்று போடும்போதே எனக்குத் தெரியும். நல்ல சாமான் என்று சொல்லிக் கொடுத்தேன். மலையில் இழுக்கவில்லை என்று திரும்பி வந்தீர்கள். கழற்றிச் சின்னக் குழாய் போட்டிருக்க வேண்டும். அரை நாள் வேலை. அன்றைக்கு வாசலில் மூன்று வண்டிகள் நின்றன. "வாங்க மாப்பிள்ளை, டீ குடிப்போம்" என்றேன். பழக்கத்தில் வந்த வார்த்தை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் தெரிந்துதான் சொன்னேன்.

மே மாதம் பேச்சி கடிதம் வந்ததும், "காலை எடுத்தேன், வண்டி கேட்கவில்லை" என்ற இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஸ்ரீஜித்தைக் கூப்பிட்டு எவ்வளவு இறுக்கினாய் என்று கேட்டேன். "மூணு நூலு சேட்டா. நம்மட வீட்டு ஆளல்லவா, நல்லா தெரியட்டேன்னு வச்சு" என்றான். எல்லாருக்கும் இரண்டு, சொந்தக்காரருக்கு மூன்று.

கேபிள் அவ்வளவு இறுகினால் காலை எடுத்தாலும் முழுக்கத் தளராது. சமதரையில் தெரியாது. உங்கள் ஜீப்பில் இஞ்சினைத் தாங்குகிற ரப்பர் பழையது, நாளுக்கு நாள் தொய்ந்துகொண்டே வந்திருக்கும். இறக்கத்தில் இஞ்சின் முன்னால் சாயும்போது கேபிள் இன்னும் இழுபடும். நீங்கள் காலை எடுத்தீர்கள், மாப்பிள்ளை. நான்தான் மிதித்துக்கொண்டிருந்தேன்.

தெரிந்தும் பாசி, சருகு, டயர் என்று எழுதினேன். கடைக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்ற பயம். அதைவிட, நீங்கள் இனி என்னை மச்சான் என்று கூப்பிடமாட்டீர்களே என்ற பயம். நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். இதற்கிடையில் நீங்கள் சூடத்திலிருந்து கையை எடுத்துவிட்டீர்கள் என்று வாசித்த அன்று என்னால் கடை திறக்க முடியவில்லை. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் இரண்டு சூடத்தையும் அணைத்துவிட்டு வந்திருப்பேன். நான் அப்படிப்பட்ட ஆள்.

யாரும் என் வார்த்தையை நம்ப வேண்டாம். ஜீப்பை மூக்கு கீழே இருக்கும்படி சரிவில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஸ்டார்ட் செய்து, மிதித்துவிட்டுக் காலை முழுக்க எடுங்கள். சத்தம் இறங்குகிறதா என்று எல்லாரும் கேளுங்கள். பிறகு கேபிள் நட்டைத் தளர்த்துங்கள்.

ஸ்ரீஜித்தும் நானும் பழைய வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். மலை ரோட்டுக்காரர்கள் முதலில். இதுவரை பதினொரு பேர். ஏழு பேர் வந்து தளர்த்திக்கொண்டார்கள். மூன்று பேர் வாயில் வந்ததைச் சொன்னார்கள். கல்லாறு பக்கம் டாக்சி ஓட்டுகிற ஒருவர் மட்டும், "சேட்டா, அதத் தொட வேண்டா, வண்டி சூப்பராணு" என்று போனை வைத்துவிட்டார். அவரைத் தேடி நாளைக்கு நேரில் போகிறேன்.

எலிசாள் அக்கா, உங்களிடம் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நேரில் வந்து நிற்கிறேன். சத்தியம் செய்யச் சொன்னால் செய்கிறேன். வரலாமா என்று கேட்டு எழுது, பேச்சி.

தளவாய்


போனக்காடு
24-7-2024

அண்ணனுக்கு,

வெள்ளிக்கிழமை வாசித்தேன். முதலில் வீட்டில். நான் பிப்ரவரியில் விட்ட பத்தியையும் சேர்த்து வாசித்தேன். அதை மறைத்தது நான்தானே. அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, வா என்றார்.

கோயிலில் வாசித்து முடித்ததும் ஜீப்பை எட்டுப் பேர் தள்ளிக் கோயில் சரிவில் மூக்கு கீழாக நிறுத்தினார்கள். குற்றாலலிங்கம் பெரியவர் சாவியை அம்மன் காலடியிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தார். எலிசாளை நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

ஸ்டார்ட் செய்தார். மிதித்தார். பிறகு கதவைத் திறந்து, எல்லாரும் பார்க்கிற மாதிரி வலது காலைத் தூக்கி வெளியே தொங்கவிட்டார். உங்கள் சைலன்சர் சத்தம்தான் உங்களுக்குத் தெரியுமே. அது இறங்கவில்லை. காலில்லாமலே வண்டி கத்திக்கொண்டிருந்தது. லயத்தில் படுத்திருந்தவர்கள் கூட வெளியே வந்துவிட்டார்கள்.

பானெட்டைத் திறந்து நட்டைத் தளர்த்தினார். சத்தம் அடங்கியது.

எலிசாள்தான் முதலில் பேசினாள். "ரெண்டு மாசமா ஒரு மனுசன் சொன்னதை நம்பாம இருந்திருக்கேன். ஒரு கம்பிக்கு இருந்த மரியாதை கூட உனக்கு இல்லாமப் போச்சே, ராஜா" என்றாள். அழுதாளா, வலியா, தெரியவில்லை.

சத்தியம் செய் என்று இப்போது யாரும் கேட்கவில்லை. அவராகவே சூடம் ஏற்றினார். "காலை எடுத்தேன்" என்றார். அணைத்தார். உள்ளங்கை கொப்புளித்திருக்கிறது, மருந்து போட்டிருக்கிறேன்.

வீட்டில் கிடந்த பழைய சைலன்சரின் ஓட்டையை விதுரையில் பற்றவைத்து அடைத்து மாட்டியாயிற்று. இழுவை முன்னே போல இருக்கிறது. உங்கள் குழாயைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறேன், வாங்கிக்கொள்ளவும். வாசலில் உட்கார்ந்து காலை அழுத்துவது நின்றுவிட்டது. ஆனால் வண்டியில் ஏறினால் ஒவ்வொரு வளைவிலும் காலைக் குனிந்து பார்த்துக்கொள்கிறார். அது எப்போது போகுமோ.

வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் அவரிடம் கேட்டேன். நேற்றுத்தான் சொன்னார். மச்சான் என்றுதான் சொன்னார், அதையும் எழுதிவிடுகிறேன். "மச்சானை வெள்ளிக்கிழமை விதுர வரைக்கும் வரச் சொல்லு. நான் போய்க் கூட்டிட்டு வாரேன். திரும்பும்போதும் நானே கொண்டு விடுதேன். இறக்கத்தில அவர் முன் சீட்டுல உக்காரணும், எலிசாள் உக்காந்த இடத்துல. கண்ணை மூடக்கூடாது."

மதினியிடம் கேட்டதாகச் சொல்லவும். குடை கொண்டுவரவும், மழை விடவில்லை.

இன்னொன்று. விதுரையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவரை டீக்குக் கூப்பிட வேண்டாம். நேராக வந்து வண்டியில் ஏறுங்கள்.

தங்கை
பேச்சி